லக்ஸ் மீட்டரை மேசையிலிருந்து எடுத்துக் கண் மட்டத்தில் பிடியுங்கள்

கட்டிடங்களுக்கும் வீதிகளுக்கும் விளக்கு வகுக்கும் பொறியாளர்களுக்கும், அவர்கள் கையில் வரைபடத்தைத் தரும் கட்டிடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

கண் பரிசோதனை என் தொழில். "பவர் கூடியிருக்கும் போல, பார்த்துச் சொல்லுங்கள்" என்று வருகிறவர்களில் சிலருக்குப் பவர் துளியும் மாறியிருக்காது. எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள், விளக்கு எந்தப் பக்கம், ஜன்னல் முன்னாலா பின்னாலா என்று கேட்கத் தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும். கண்ணாடி மாற்றித் தீராத அந்தக் குறையைத் தீர்க்கும் இடத்தில் நான் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டிடத்தை ஒப்படைக்கும்போது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் மீட்டரை மேசைமேல் மல்லாக்க வைத்து அளக்கிறீர்கள். 500 வந்தால் தேர்ச்சி, குறைந்தால் இன்னொரு விளக்கு. மேசைக்கு அது போதும். ஆனால் அங்கே உட்காருகிறவர் கூரையைப் பார்த்துக்கொண்டா இருக்கப் போகிறார்? எதிரே இருக்கும் திரையையும் சுவரையும் முகங்களையும்தான் பார்க்கப் போகிறார். அதே மீட்டரை அவர் கண் இருக்கும் உயரத்தில், அவர் பார்க்கும் திசையில் நிமிர்த்திப் பிடியுங்கள். மேலிருந்து மட்டுமே வெளிச்சம் கொட்டும் அறையானால், மேசையில் பார்த்த எண்ணில் பாதிகூட வராமல் போகலாம். கண்ணுக்குக் கிடைப்பது அந்த இரண்டாவது எண்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அலுவலக விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12464, சுவரிலும் கூரையிலும் முகத்திலும் விழ வேண்டிய வெளிச்சத்துக்கும் எண்கள் தருகிறது. எண்கள் காகிதத்தில் இருக்கின்றன. ஒப்படைப்பு நாளன்று அவற்றை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை.

லக்ஸ் என்ற அலகுக்குள்ளேயே ஒரு பழைய முடிவு ஒளிந்திருக்கிறது. சர்வதேச ஒளியியல் ஆணையமான சி.ஐ.இ. 1924-இல் ஒரு வளைகோட்டை வகுத்தது. நல்ல வெளிச்சத்தில், பார்வையின் நடுப்பகுதிக்கு, எந்த அலைநீளம் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை அது சொல்லும். அதன் உச்சம் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. ஆக, விழித்திரையில் உள்ள கூம்பு செல்கள் என்ன நினைக்கின்றன என்பதைத்தான் உங்கள் மீட்டர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மங்கலில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு உச்சம் 507 நானோமீட்டர். அவற்றுக்கான தனி வளைகோடு 1951-இல் வந்தது. இவை இரண்டும் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் இருப்பது 2002-இல் உறுதியானது. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு, கூம்பு, கோல் செல்களின் உதவி இல்லாமலே ஒளியை உணரும் நரம்புச் செல்கள் அவை. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அவை அதிகம் அசைந்துகொடுக்கும். உருவம் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை. இப்போது பகலா இரவா என்று மூளைக்குத் தெரிவிப்பதும், வெளிச்சம் நீடிக்கும்வரை பாவையை, அதாவது கருவிழியின் நடுவே ஒளி நுழையும் துவாரத்தை, சுருக்கியே வைத்திருப்பதும் அவற்றின் பொறுப்பு.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒரே லக்ஸ் காட்டும் இரண்டு அறைகள். ஒன்றில் மஞ்சள் வெளிச்சம், மற்றதில் நீலம் தூக்கலான வெள்ளை. இரண்டாவது அறையில் பாவை இன்னும் சிறிதாக இருக்கும். மீட்டருக்கு இரண்டு அறையும் ஒன்று.

இனி வெளியே வருவோம். நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூடப் பெரும்பாலும் சில ஆயிரங்கள் கிடைக்கும். அலுவலகத்தில் 300 முதல் 500. இரவில் வீட்டு அறை 100-ஐ எட்டினாலே அதிகம். முழுநிலவின் வெளிச்சம் கால் லக்ஸைத் தாண்டுவது அரிது. வெயிலிலிருந்து வாசலைத் தாண்டி நாலு அடி உள்ளே வைத்தால் வெளிச்சம் 200-இல் ஒரு பங்காகிவிடுகிறது. சற்று நேரம் கழித்துக் கேட்டால், "அறையில் நல்ல வெளிச்சம்தானே" என்போம். எவ்வளவு வெளிச்சம் என்று சொல்வதில் கண் நம்பத்தக்க சாட்சி இல்லை. பக்கத்துப் பரப்பைவிட இது எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் அதன் திறமை எல்லாம். 'பார்த்தால் போதுமான வெளிச்சமாகத்தான் தெரிகிறது' என்று யாராவது ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் நம்பாதீர்கள்.

பாவை எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்க்காதவர்களுக்கு: மங்கலான அறையில் ஒருவரைத் தூரத்தில் பார்க்கச் சொல்லிவிட்டு, பென் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கால் வினாடியை ஒட்டிப் பாவை சுருங்கத் தொடங்கும். டார்ச் படாத மறு கண்ணிலும் கூடவே சுருங்கும். டார்ச்சை விலக்கினால் திரும்ப விரியும், ஆனால் அந்த வேகம் இருக்காது. சுருங்க ஒரு வினாடி போதும். முழுவதும் விரியப் பல வினாடிகள் எடுக்கும். வெளிச்சம் மாறாமல் இருக்கும்போதும் பாவையின் ஓரம் ஓய்ந்து நிற்பதில்லை, மெல்ல அலைந்துகொண்டே இருக்கும். எத்தனை கண்களைப் பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

ஆனால் இந்தப் பாவையை நம்பி நீங்கள் திட்டம் போட முடியாது. அதன் விட்டம் சிறுத்தால் 2 மில்லிமீட்டர், பெருத்தால் 8. பரப்பில் கணக்கிட்டால் 16 மடங்கு மாற்றம், அவ்வளவுதான். வாசலில் நடப்பது 200 மடங்கு மாற்றம். மீதியை விழித்திரையின் வேதியியலும் நரம்புகளும் சேர்ந்துதான் சரிக்கட்ட வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும். இருட்டுக்குப் போனால் கூம்பு செல்கள் பழக 5 முதல் 10 நிமிடம். கோல் செல்கள் முழு உணர்திறனை அடைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எதிர்த்திசையில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது, கொஞ்ச நேரம் கூசும், பிறகு சரியாகிவிடும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவதுதான் ஆபத்தான திசை.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? நன்றாகவே தெரியும். சாலைச் சுரங்கங்களில் நீங்கள் செய்து வைத்திருப்பதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். பட்டப்பகலில்தான் சுரங்க வாயிலில் விளக்குகள் மிகப் பிரகாசமாக எரிகின்றன. வெயிலில் வண்டி ஓட்டி வருகிறவருக்கு வாய் ஒரு கருந்துளையாகத் தெரியக் கூடாது. உள்ளே நிற்கும் வண்டி தெரிய வேண்டும். அந்தப் பிரகாசமான பகுதி, வண்டி பிரேக் போட்டு நிற்கும் தூரத்துக்காவது நீள வேண்டும். பிறகு கண் பழகும் வேகத்துக்கு ஏற்ப வெளிச்சம் படிப்படியாக இறங்க வேண்டும். இரவில் வாயிலில் அந்தப் பிரகாசம் தேவையில்லை, குறைக்கலாம். இத்தனையும் சி.ஐ.இ.யின் 88-ஆம் எண் வழிகாட்டியில் இருக்கிறது. விமானங்களிலும் அப்படித்தான்: இரவில் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்விளக்கை மங்கலாக்குவது, அவசரமாக வெளியேற நேர்ந்தால் பயணிகளின் கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகி இருக்கட்டும் என்பதற்காக.

அதே அறிவு மருத்துவமனை வாசலிலும் நூலக வாசலிலும் ஏன் காணாமல் போகிறது என்பதே என் கேள்வி. வெயிலிலிருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், கருமையான பளபளப்புத் தரை, இரண்டே இரண்டு படி இறக்கம், படியின் விளிம்புக்கும் தரைக்கும் ஒரே நிறம். வரைபடத்தில் அழகு. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாவை வயதோடு சிறுத்துவிடுகிறது, கண் லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது, இருட்டுக்குப் பழகும் வேகமும் குறைகிறது. அவர் அந்தப் படியில் கால் வைக்கும் கணத்தில் உண்மையில் எதையும் பார்க்கவில்லை. நினைவிலும் தடவலிலும் இறங்குகிறார். வண்டி ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை நடந்து வருகிறவருக்கும் கிடைக்கட்டும். பகலில் வாசலை அடுத்த சில மீட்டர்களுக்குக் கூடுதல் வெளிச்சம், இரவில் அதே இடத்தில் குறைவு, படி விளிம்பில் அழுத்தமான மாற்று நிறப் பட்டை. இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது கண் கூச்சம். கண் இயல்பாகவே பிரகாசமான இடத்துக்கு இழுக்கப்படும். கூரையில் நாலு எல்.இ.டி. மூடியில்லாமல் பளிச்சென்று தெரிந்தால், படிப்பவரின் பார்வை அங்கே ஓடி ஓடித் திரும்பும். தலையைச் சாய்ப்பார், கையை நெற்றியில் வைப்பார், கண்ணைச் சுருக்குவார். கண்ணைச் சுருக்கும்போது இமைப்பதும் குறைகிறது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது ஏற்கெனவே குறைந்துபோன ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மாலையில் கண் எரியும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். என்னிடம் சொட்டு மருந்து கேட்டு வருவார்கள். எழுதிக் கொடுக்கிறேன். விளக்குக்கு ஒரு மறைப்பு எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

விளக்கு எவ்வளவு கூசும் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் யு.ஜி.ஆர். கணக்குப் போடுகிறீர்கள், அலுவலகத்துக்கு 19-க்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது. அந்தக் கணக்கு, பார்ப்பவர் நேராக, கிடைமட்டமாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் எங்கே பார்க்கிறார்? தள்ளுவண்டியில் மல்லாந்தபடி நடைபாதை வழியே போகிறவர்? தொட்டிலில் கிடக்கும் குழந்தை? அவர்களுக்குக் கூரைதான் காட்சி. அதன் நடுவே 600-க்கு 600 மில்லிமீட்டர் பேனல் ஒன்று முகத்துக்கு நேரே எரிகிறது. கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழி இல்லை, மூடினாலும் இமை வழியே வெளிச்சம் ஊடுருவும். கண்புரை உள்ளவருக்கு இது இரட்டிப்புத் துன்பம். மங்கிய லென்ஸ் ஒளியைச் சிதறடித்து, விழித்திரை முழுக்க வெண்படலம் போட்டதுபோல் ஆக்கிவிடும்.

இவ்வளவு சொன்னதும் "அப்படியானால் எல்லாவற்றையும் மங்கலாக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். கிடையாது. நாற்பதைக் கடந்த ஒருவர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க அதை ஜன்னலுக்கு எடுத்துச் செல்வதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடி இல்லாமலே அங்கே படித்தும் விடுவார். வெள்ளெழுத்து குணமாகிவிடவில்லை. நல்ல வெளிச்சத்தில் பாவை சுருங்கி, குவியத்தின் ஆழம் கூடுகிறது. மங்கிய எழுத்துகளின் ஓரம் கூர்மையாகிறது. மங்கலில் இதற்கு நேர்மாறு: பாவை விரிந்து, லென்ஸின் ஓரக் குறைகளெல்லாம் பிம்பத்தில் சேர்ந்துகொள்ளும். ஆகவே வெளிச்சம் வேண்டும், தாராளமாகவே வேண்டும். அது அகன்ற பரப்பிலிருந்து, சுவரில் பட்டுத் திரும்பி, பக்கவாட்டில் வர வேண்டும். நாலு புள்ளியிலிருந்து குத்தக் கூடாது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் போட்ட ட்யூப் லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். அசையாமல் பார்த்தால் தெரியாது. ஆனால் கண் எப்போது அசையாமல் இருந்தது? படிக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தாவல்கள். பெரிய தாவலில் விழி வினாடிக்கு 500 பாகைக்கும் மேற்பட்ட வேகத்தில் திரும்பும். அந்த வேகத்தில் ஒரு துடிக்கும் விளக்கைக் கடந்தால், ஒரே கோடாக இழுபட வேண்டிய ஒளி புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். இரவில் முன்னால் போகும் காரின் சிவப்பு எல்.இ.டி. விளக்கிலிருந்து சட்டென்று பார்வையைத் திருப்பும்போது பலருக்கு இது தெரிகிறது. சிலருக்கு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸிலும் தெரிகிறது. 1989-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஆர்னால்டு வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் அலுவலக ட்யூப் லைட்டுகளைச் சோதித்தார்கள். சாதாரணச் சோக்குக்குப் பதில் உயர் அதிர்வெண் சோக்கு போட்டபோது தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழே இறங்கின. எல்.இ.டி. வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்றுதான் எதிர்பார்த்தோம். எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்று மலிவாக இருப்பதும், அணைத்து அணைத்து எரியவைத்து மங்கலாக்கும் டிம்மரும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. கைபேசிக் கேமராவை விளக்கின் அருகே காட்டுங்கள், திரையில் கரும்பட்டைகள் ஓடினால் அந்த டிரைவரைத் திருப்பி அனுப்புங்கள். கேமராவில் பட்டை தெரியாததாலேயே அது நல்ல டிரைவர் என்று ஆகிவிடாது. பட்டை அழுத்தமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பள்ளிக்கூடம் கட்டுகிறவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, இதில் நீங்கள் விளக்கு விற்க இடமில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுக் குழந்தைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டது. கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1. திறந்தவெளியில் கழித்த நேரம் சிட்னியில் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3. பிறகு சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பிரிவில் 30.4 விழுக்காடு, மற்றதில் 39.5, முடிவு 2015-இல் வெளியானது. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டி, விழிக்கோளம் நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்பது இப்போது வலுவாக உள்ள விளக்கம். தூரப் பார்வையும் இதில் சேர்ந்திருக்கலாம். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான் இது உதவும்; வந்த பிறகு நிறுத்தும் என்பதற்கான சான்று அவ்வளவு பலமில்லை.

வகுப்பறையில் 500 லக்ஸை 700 ஆக்கினால் குழந்தைகளின் கிட்டப்பார்வை குறையும் என்று விளம்பரம் செய்யாதீர்கள். வெளியே நிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கட்டிடக் கலைஞர் செய்யக்கூடியது வேறு: நிழல் விழும் முற்றம், வகுப்பறையிலிருந்து நேரே வெளியே திறக்கும் கதவு, கூரையிட்டுப் பக்கங்கள் திறந்த கூடம். இடைவேளையில் வெளியே போக மூன்று மாடி இறங்க வேண்டியிருந்தால் குழந்தை வெளியே போகாது.

இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாவது வகைச் செல்களின் உணர்திறனைக் கணக்கில் எடுத்த மெலனாப்பிக் லக்ஸ் என்ற அளவு உண்டு. உறக்கத்தையும் ஒளியையும் ஆயும் அறிவியலாளர்கள் 2022-இல் கூடிச் சொன்ன பரிந்துரை அந்த அளவில்தான்: பகலில் கண்ணில் விழுவது குறைந்தது 250, உறங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, உறக்கத்தில் 1. இவை கண் மட்டத்தில், செங்குத்தாக அளக்க வேண்டியவை. மேசையில் கிடக்கும் மீட்டருக்கு இதில் வேலையே இல்லை. தெருவிளக்குக்காரர்களுக்கு: வெள்ளை விளக்குப் போட்டால் மங்கலில் கோல் செல்கள் கூடுதலாகப் பார்க்கும் என்ற வாதம் உண்மைதான், மங்கலில் கண்ணின் உணர்திறன் நீலப் பக்கம் நகர்வதைச் செக் உடலியலாளர் புர்க்கினியே 1819-இல் கவனித்துவிட்டார். ஆனால் மறைப்பில்லாத வெள்ளை விளக்கு ஒன்று கண்ணில் நேரே பட்டால் அந்த லாபம் போய்விடும். விளக்குக்கு அடியில் பகல், இரண்டு கம்பங்களுக்கு நடுவே அமாவாசை என்றால், நடப்பவரின் கண் ஒவ்வொரு கம்பத்திலும் பழகத் தொடங்கி, பழகி முடிப்பதற்குள் அடுத்த கம்பம் வந்துவிடுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் தெருவிளக்குகளின் நிற வெப்பநிலை (கூடக் கூட நீலம் தூக்கலாகும்) 3,000 கெல்வினுக்கு மேற்படாமல், மறைப்போடு இருக்கட்டும் என்றது. மறைப்பு என்ற பாதியைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

மின்செலவு கூடுமே என்பீர்கள். பெரும்பாலும் கூடாது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். அடர் நிறச் சுவர் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. கூரையிலிருந்து தரைக்குக் கொட்டுவதில் ஒரு பகுதியைச் சுவருக்குத் திருப்பினால், அதே வாட்டில் கண்ணுக்கு வந்து சேர்வது கூடும். ஜன்னலோர விளக்குகளுக்குத் தனி ஸ்விட்ச் வைத்தால் பகலில் அவை அணைந்திருக்கும். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம்.

ஆகவே, அடுத்த ஒப்படைப்பின்போது இரண்டு முறை வாருங்கள், ஒன்று உச்சிவெயிலில், மற்றொன்று இரவில். மீட்டரை உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், 1.2 மீட்டரில், ஜன்னல் பக்கமும் சுவர்ப் பக்கமும் திருப்பி அளவெடுங்கள். படுக்கை இருக்கும் அறையென்றால் நீங்களே அதில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுங்கள். அறுபதைக் கடந்த ஒருவரைக் கூட அழைத்து வந்து, வெயிலிலிருந்து உள்ளே நடக்கச் சொல்லுங்கள்; ஒன்றும் விளக்க வேண்டாம், பின்னால் போனால் போதும். எங்கே நடை தளர்ந்தது, எங்கே கைப்பிடியைத் தேடினார், எங்கே கையை நெற்றிக்குக் கொண்டுபோனார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை ஒப்படைப்பு அறிக்கையில் லக்ஸ் அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர் ஒருவர்